ஜார்ஜ் மக்டொனால்டும் அவர்தம் வாசகரும்

நூலை ஆக்குவோர் ஆசிரியரேயாயினும், அந்நூல் நெடுங்காலம் நிலைபெறுவதும் விரைவில் மறைவதும் அதனைப் படிப்போர் கையிலேயே உள்ளன. தம் காலத்திற் பெரும்புகழ் பெற்ற நூல்கள் பல, பின்னர்க் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. முதலில் எள்ளி ஒதுக்கப்பெற்ற நூல்கள் சில, ஐம்பது அறுபது ஆண்டுகள் கழிந்தபின் எங்கோ ஓர் இளைஞன் கையில் அகப்பட்டு, அவன் வாழ்க்கையையே திருப்பி விடுகின்றன. இவ்விரு நிலையும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர், ஸ்காட்லாந்து நாட்டிற் பிறந்து ஆங்கிலத்தில் மாயக்கதைகள் இயற்றிய ஜார்ஜ் மக்டொனால்ட் என்னும் பெரியார் ஆவர்.

நிகழாதனவும் நிகழக்கூடாதனவுமாகிய செய்திகளைக் கூறும் கதைகளைப் படித்தல் காலத்தை வீணே கழித்தலாகும் என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அத்தகைய கதையைப் படிப்பதாயின் அதன் முடிவில் நீதியொன்று தெளிவாக எடுத்துரைக்கப்படல் வேண்டும் என்பார் வேறு சிலர். இவ்விரு கூற்றையும் ஆராய்தற்கு மக்டொனால்டின் வரலாறு பெரிதும் பயன்படும் என்று யாம் எண்ணுகின்றோம். அவர் போதகராகப் பயின்றவர், பிரசங்க பீடத்தை இழந்தவர், அதன்பின் கதையாசிரியரானவர். ஆதலின் போதனைக்கும் கற்பனைக்கும் உள்ள உறவு அவர் வாழ்வில் வெறும் வாதப்பொருளாக இராமல், உணவும் உறைவிடமும் பற்றிய வினாவாகவே வந்து நின்றது.

மக்டொனால்ட் 1824-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், ஸ்காட்லாந்தின் வடகீழ்ப் பகுதியிலுள்ள ஹண்ட்லி என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலும் துணி வெளுக்கும் தொழிலும் உடையவர். எட்டு வயது நிரம்புமுன் ஜார்ஜ் தம் தாயை இழந்தார். ஆயினும் தந்தையார் அன்பும் நேர்மையும் மிக்கவராய் இருந்து, அக்குறை தோன்றாவண்ணம் மக்களைப் பேணினார். தந்தையென்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அச்சமன்றி நம்பிக்கையே அவருள்ளத்தில் எழுந்தது. பிற்காலத்தில் அவர் கடவுளைப் பற்றி எழுதியவை யாவும் இவ்வித்திலிருந்தே முளைத்தன என்று கூறலாம்.

அக்காலத்து ஸ்காட்லாந்துச் சபைகளில், கடவுள் தாம் தெரிந்துகொண்ட சிலரையே மீட்பார், ஏனையோரைக் கைவிடுவார் என்னும் கோட்பாடு வன்மையுடன் போதிக்கப்பட்டு வந்தது. தம் தந்தையின் அன்பை நன்கறிந்த இளைஞர் மக்டொனால்டுக்கு இக்கோட்பாடு முள்ளெனத் தைத்தது. மண்ணுலகத் தந்தையே தம் மக்களுள் ஒருவரையும் தள்ளாதிருக்க, விண்ணுலகத் தந்தை தள்ளுவாரோ என்னும் ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. அபர்தீனிலுள்ள கிங்ஸ் கல்லூரியில் அவர் வேதிநூலும் இயற்பியலும் பயின்று 1845-இல் எம். ஏ. பட்டம் பெற்றபொழுதும் இவ்வினா அவருடனேயே இருந்தது. பின்னர்ச் சிலகாலம் லண்டனில் தனியாசிரியராய் இருந்து, 1848-இல் ஹைபரி கல்லூரியிற் சேர்ந்து போதகத் தொழிலுக்குப் பயிற்சி பெற்றார்.

1850-இல் இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஆரண்டல் என்னும் ஊரில் ஒரு சுயாதீன சபைக்குப் போதகராக அவர் அமர்ந்தார். அடுத்த ஆண்டில் லூயிஸா பவல் என்னும் நன்மங்கையை மணந்தார். வாழ்க்கை இனிதே தொடங்கிற்று என்று எண்ணுதற்குள் இடர்கள் சூழ்ந்தன. முதலாவது, அவருடைய நுரையீரல் நோயுற்று இரத்தம் வெளிப்பட்டது. இரண்டாவது, அவருடைய பிரசங்கங்களைக் குறித்துச் சபையின் மூப்பர்கள் முணுமுணுக்கத் தலைப்பட்டனர். சுவிசேஷத்தைக் கேளாது இறந்த பிறநாட்டாருக்கும் இறந்தபின் ஏதேனும் நம்பிக்கை இருத்தல் கூடும் என்று அவர் குறிப்பித்தது ஒரு குற்றம். நோவாலிஸ் என்னும் ஜெர்மானியப் புலவரின் ஞானப்பாடல்களை மொழிபெயர்த்தவராதலின் அந்நாட்டுப் புதுக்கொள்கையின் கறை அவர்பாற் படிந்துள்ளது என்பது மற்றொரு குற்றம்.

மூப்பர்கள் அவரை நேரே விலக்கவில்லை. ஆண்டுக்கு 150 பவுனாக இருந்த அவர் ஊதியத்தை 115 பவுனாகக் குறைத்தனர். குடும்பஸ்தரான போதகர் தாமே விலகிவிடுவார் என்பது அவர்கள் எண்ணம் போலும். அவரோ குறைந்த ஊதியத்துடன் இன்னும் சிலகாலம் பணியாற்றினார். சபையிற் பிளவு முற்றுவதைக் கண்டபின், 1853-இல் தாமே பதவியைத் துறந்தார். தாம் நம்பாத ஒன்றைக் கூறி ஊதியம் பெறுதலும், நம்பும் ஒன்றை மறைத்து ஊதியம் பெறுதலும் அவருக்கு ஒவ்வாதனவாயின. அவ்வேளையில் அவருக்கு வயது இருபத்தெட்டு. உடலில் நோயும், மனையில் மனைவியும் குழந்தையும் இருந்தன, கையிலோ பொருளில்லை. தாம் கொண்ட கொள்கைக்காக ஒருவர் கொடுத்த விலை யாதென அறிய விரும்புவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

ஆரண்டலை விட்டு மான்செஸ்டர் நகருக்குச் சென்று, சொற்பொழிவாற்றியும் மாணாக்கருக்குப் பாடஞ் சொல்லியும் அவர் காலங் கழித்தார். 1855-இல் அவர் வெளியிட்ட உள்ளும் புறமும் என்னும் நீண்ட செய்யுள் நூல் அவருக்கு நண்பர் சிலரைத் தேடித்தந்தது. அவர்களுள் ஒருவர் பைரன் பிரபுவின் மனைவியார். அம்மாதரசியின் பொருளுதவியால் மக்டொனால்ட் 1856-இல் வெப்பநாடாகிய அல்ஜீரியாவுக்குச் சென்று உடல் தேறினார். நாடு திரும்பியபின் அவர் எழுதிய உரைநடைக் கதையே 1858-இல் வெளிவந்த பாண்டஸ்டீஸ் என்பது.

அக்கதையின் தலைவன் அனடாஸ் என்னும் இளைஞன். இருபத்தோராம் பிறந்தநாள் கழிந்து மறுநாட் காலையில் அவன் விழித்தெழும்போது, அவன் அறையிலிருந்த நீர்த்தொட்டி ஊற்றாகி வழிகின்றது, தரைவிரிப்பிற் பின்னியிருந்த புல்லும் பூவும் உயிர்பெற்று அசைகின்றன, அறையே காடாகிவிடுகின்றது. அக்காட்டின் வழியே அவன் மாயநாட்டிற் புகுந்து அலைகின்றான். திறக்கலாகாது என்று தடுக்கப்பட்ட கதவொன்றைத் திறக்கவே, கரிய நிழலொன்று அவனைப் பற்றிக்கொள்ளுகின்றது. அந்நிழல் எதன்மேல் வீழ்கின்றதோ அதன் அழகு அவன் கண்ணுக்கு மறைந்துபோகின்றது. இறுதியில், பிறரை அடைந்து ஆளவேண்டும் என்னும் அவாவை விடுத்துப் பிறருக்காகத் தன் உயிரையே கொடுத்தபின்பு, அவன் நிழல் நீங்கி வீடு திரும்புகின்றான். மாயநாட்டில் அவனுக்கு நெடுங்காலமாகத் தோன்றியது, வீட்டாருக்கு இருபத்தொரு நாட்களே.

இந்நூலைப் படித்தோர் பலர் திகைத்தனர். ஆங்கில இலக்கிய உலகில் மிக்க செல்வாக்குடையதாயிருந்த அதீனியம் என்னும் பத்திரிகை, பொருள் விளங்காக் குழப்பமென இதனைப் பழித்தது. குழந்தைகளுக்குரிய கதையென்று கொள்ளவும் இயலவில்லை. பெரியோருக்குரிய கதையில் இத்தகைய மாயங்களைக் காண அவர்கள் பழகியவர்களும் அல்லர். ஒவ்வோர் உருவுக்கும் ஒவ்வொரு பொருளுண்டு என்று தேடியோர், அவ்வாறு பொருத்திக் காட்டும் திறவுகோல் யாதும் கிடைக்கப்பெறாமற் சலித்தனர். இவ்வாறு அந்நூல் அக்காலத்தில் மிகுதியாகப் பரவாது நின்றது.

மனைவியும், ஒருவர்பின் ஒருவராகப் பிறந்த பதினொரு மக்களும் உண்ண வேண்டுமே! பதிப்பாளர் விரும்பியது மூன்று பாகங்களாக விரியும் குடும்ப நாவல்களை. ஆதலின் டேவிட் எல்ஜின்பிராட் 1863-இலும், அலெக் போர்ப்ஸ் 1865-இலும், ராபர்ட் பால்கனர் 1868-இலும் வெளிவந்தன. ஸ்காட்லாந்து நாட்டுப்புற மக்களின் பேச்சும் பண்பும் அவற்றில் உயிருடன் விளங்குகின்றன. அவை அக்காலத்தில் நன்கு விற்பனையாயின. அவர் பெயரைப் பரப்பின. எனினும் அந்நாவல்களில் கதை நடந்துகொண்டிருக்கையிலேயே ஆசிரியர் குறுக்கிட்டுப் பக்கம் பக்கமாகப் போதிக்கத் தொடங்கிவிடுகின்றார். பீடத்தினின்று இறக்கப்பட்ட போதகர் நாவலின் நடுவே பீடம் ஏறிவிட்டார் என்றே சொல்லத் தோன்றும். அவற்றுட் பெரும்பாலானவற்றை இன்று படிப்போர் மிகச் சிலரே.

அவர் பிரசங்கத்தை முற்றும் விட்டுவிடவில்லை என்பதும் ஈண்டுக் கூறத்தக்கது. அழைக்கப்பட்ட இடங்களில் ஊதியம் பெறாது பிரசங்கித்தார். பேசப்படாத பிரசங்கங்கள் என்னும் பெயரால் 1867, 1885, 1889 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளை அச்சிட்டார். கேட்பதற்குச் சபையில்லாத போதகர் தம் நூலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வைத்தல் அரிது.

இக்காலத்தில் அவருக்கு உற்ற நண்பராக வாய்த்தவர், ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியராயிருந்த சார்லஸ் டாட்ஜ்ஸன். லூயிஸ் காரல் என்னும் புனைபெயரால் உலகம் அறிந்தவர் இவரே. இருவரும் நட்புக்கொள்ளக் காரணமாயிருந்தவர், திக்குவாய்க்கு மருத்துவம் செய்துவந்த ஜேம்ஸ் ஹண்ட் என்பவர். டாட்ஜ்ஸன் தாம் எழுதிய ஆலிஸ் என்னும் சிறுமியின் கதையை நூலாக வெளியிடலாமா என்று ஐயுற்றிருந்தபொழுது, கையெழுத்துப் பிரதியை மக்டொனால்ட் வீட்டுக்கு அனுப்பினார். திருமதி மக்டொனால்ட் அதனைத் தம் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினார். கேட்டு மகிழ்ந்த சிறுவன் கிரெவில், இந்நூலுக்கு அறுபதினாயிரம் படிகள் இருத்தல் வேண்டும் என்று ஆசைப்பட்டானாம். குழந்தைகளின் இத்தீர்ப்பு டாட்ஜ்ஸனுக்கு ஊக்கமளித்தது. 1865-இல் அந்நூல் வெளிவந்தது. வாசகரின் வரவேற்பு ஒரு நூலின் பிறப்புக்கே துணைசெய்யும் என்பதற்கு இஃதோர் நல்ல சான்று.

மக்டொனால்ட் தாமும் குழந்தைகளுக்கு மாயக்கதைகள் எழுதினார். 1867-இல் வெளிவந்த தொகுதியில் கனமற்ற இளவரசியும் பொற்சாவியும் உள்ளன. முன்னதில், சூனியக்காரி ஒருத்தியின் சாபத்தால் உடலின் கனத்தை இழந்து காற்றில் மிதக்கும் அரசகுமாரி, உள்ளத்தின் கனத்தையும் இழந்து எதற்கும் நகைத்துத் திரிகின்றாள். தனக்காக ஒருவன் உயிர்கொடுக்க முற்பட்டதைக் கண்டு முதன்முறை அழுதபொழுதே அவளுக்குக் கனம் மீண்டு வருகின்றது. பின்னதில், வானவில்லின் அடியிற் கண்டெடுத்த சாவியொன்றுக்கு உரிய பூட்டைத் தேடி ஒரு சிறுவனும் சிறுமியும் நரை திரை எய்துமளவும் நடக்கின்றனர். அச்சாவி எதனைக் குறிக்கின்றது என்று ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

சிறுவருக்கு நல்லுரை என்னும் பொருள்படும் பெயருடைய மாத இதழொன்றில் பகுதி பகுதியாக வந்து, 1871-இல் நூலாகியது வடகாற்றின் பின்னே என்னும் கதை. லண்டன் நகரத்து வண்டிக்காரன் மகனான டைமண்டு, குதிரைக் கொட்டிலின் மேலுள்ள வைக்கோற் பரணில் உறங்குபவன். நீண்ட கூந்தலையுடைய பெண்ணுருவில் வடகாற்று அவனிடம் வருகின்றாள். அவன்பால் அத்துணைப் பரிவு காட்டும் அவளே, கடலில் ஒரு கப்பலை மூழ்கடிக்கவும் செல்லுகின்றாள். அன்பும் அழிவும் ஒருத்தியிடம் எங்ஙனம் பொருந்தும் என்று சிறுவன் கேட்கின்றான். அவளோ தொலைவில் ஒலிக்கும் ஒரு பாட்டின் ஓசை தன் காதில் விழுவதாகவும், அதனாலேயே தாங்கிக்கொள்ளுவதாகவும் மாத்திரம் தெரிவிக்கின்றாள். துன்பம் ஏன் என்னும் பழைய வினாவுக்கு இது முழு விடையாகாது. முழு விடை தெரிந்தவர்போல் நடியாமையே அக்கதையின் சிறப்பு. அமெரிக்க ஆசிரியர் மார்க் ட்வெயின் வீட்டுக் குழந்தைகள் இந்நூலைக் கிழிந்து போகுமளவும் படித்தனர்.

1872-இல் நூலாக வந்த இளவரசியும் கூளிகளும் என்பதே அவர் கதைகளுள் மிகச் செவ்விதாக அமைந்தது என்பது எம் கருத்து. மலையடிவாரத்து மாளிகையொன்றில் ஐரீன் என்னும் எட்டு வயதுச் சிறுமி வாழ்கின்றாள். மலைக்கு அடியிலுள்ள சுரங்கங்களில், மக்களைப் பகைக்கும் கூளிகள் மறைந்து வாழ்கின்றன. மாளிகையின் மேன்மாடத்திலோ, எவரும் அறியாத முதுபாட்டியொருத்தி இராட்டினத்தில் நூல் நூற்றுக்கொண்டிருக்கின்றாள். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய நூலொன்றை அவள் ஐரீனின் மோதிரத்தோடு இணைக்கின்றாள். அந்நூலை விரலால் தொட்டுத் தொடர்ந்து சென்று, ஐரீன் கூளிகளின் இருட்குகையினின்று கர்டி என்னும் சுரங்கத் தொழிலாளச் சிறுவனை மீட்கின்றாள்.

மீட்கப்பட்ட கர்டியை ஐரீன் பாட்டியிடம் அழைத்துச் செல்லும் இடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஐரீன் கண்ணுக்கு வெள்ளி விளக்கும் நெருப்பு ரோஜாக்களும் அழகிய மூதாட்டியும் தோன்றுகின்றன. கர்டி கண்ணுக்கோ வெறும் பரணும், கொஞ்சம் வைக்கோலும், வாடிய ஆப்பிட் பழமொன்றும், ஒரு கீற்று வெயிலுமே தோன்றுகின்றன. தன்னை ஏளனம் செய்வதாக நினைத்து அவன் சினந்து போய்விடுகின்றான். அழும் ஐரீனுக்குப் பாட்டி கூறும் ஆறுதலின் கருத்து இது: காணாதவனைக் கடிதல் ஆகாது, நம்புதற்குக் காலம் வேண்டும், நம்மைப் பிறர் அறிந்துகொள்ளவில்லையே என்று வருந்துவதினும், நாம் பிறரை அறிந்துகொள்ளுதலே மேலானது. ஆரண்டல் மூப்பர்களால் அறியப்படாத ஒருவர், இருபதாண்டுகள் கழிந்தபின் இவ்வாறு எழுதினார் என்பதை நாம் மறத்தலாகாது. அவர் கதையில் வசை இல்லை, பொறுமையே உள்ளது. ஒரே அறையில் இருவர் நின்று ஒருவர் ஒளியையும் மற்றவர் வைக்கோலையும் காணும் இக்காட்சி, அவர் நூல்களை வாசிப்போர் அனைவருக்கும் பொருந்தும்.

இக்கருத்தை அவர் தாமே பின்னர்க் கட்டுரை வடிவில் விளக்கினார். 1893-இல் எழுதிய அதன் சாரம் வருமாறு: மாயவுலகைப் படைப்போன் இயற்கை விதிகளை மாற்றியமைக்கலாம்; அறத்தின் விதிகளை மாற்றலாகாது. தீயவனை நல்லவனெனக் காட்டும் மாயவுலகம் நில்லாது சரிந்துவிடும். இனி, கதையின் பொருள் யாது என்று வினவுவோருக்கு ஆசிரியர் உரை கூறவேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கும் வளர்ச்சிக்கும் ஏற்பப் பொருள் காண்பர். தாம் எண்ணாத பொருளையும் வாசகர் காணலாம். அது தாம் எண்ணியதினும் சிறந்ததாக இருத்தலும் கூடும். ஏனெனில் மனிதர் ஆக்கும் ஒவ்வோர் உருவிலும் அவர் அறிந்து வைத்ததினும் மிகுதியான பொருள், கடவுளின் படைப்பினின்று வந்து சேருகின்றது. தாம் எழுதுவது குழந்தைகளுக்கு மாத்திரமன்று, வயது ஐந்தாயினும் எழுபத்தைந்தாயினும் குழந்தையுள்ளம் படைத்தோர் யாவருக்குமே என்றும் அவர் தெரிவித்தார்.

புகழ் வந்தும் பொருள் நிலைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, மறு ஆண்டின் இடைவரை ஊர்தோறும் சொற்பொழிவு ஆற்றினார். எமர்ஸன், லாங்பெல்லோ முதலிய பேரறிஞர் அவரை வரவேற்றனர். 1877-இல் விக்டோரியா அரசியார் ஆண்டுக்கு 100 பவுன் உதவிச் சம்பளம் அளித்தார். நோய்காரணமாகக் குடும்பம் இத்தாலியில் பார்டிகீரா என்னும் கடற்கரையூரிற் குடியேறிற்று. அங்கும் இங்கிலாந்திலும் அக்குடும்பத்தார் யாவரும் சேர்ந்து, ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தின் இரண்டாம் பகுதியை நாடகமாக நடித்துவந்தனர். தந்தையார் பெருந்தீரர் வேடமும், மூத்த மகள் லிலியா கிறிஸ்தீனாள் வேடமும் பூண்டனர். அதே பனியனின் நூலைத் தழுவி, நம் தமிழகத்தில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கற்பனை ஓரிடத்து நாடகமாகவும் மற்றோரிடத்துக் காவியமாகவும் வடிவுகொண்டதை எண்ணுங்கால், நல்ல கற்பனைக்கு நாட்டெல்லையும் மொழியெல்லையும் இல்லை என்பது விளங்கும்.

அந்நாடகம் நடித்த மக்களைக் காசநோய் ஒவ்வொருவராகக் கொண்டு சென்றது. 1878-இல் மகள் மேரியும், 1879-இல் மகன் மாரிஸும், 1884-இல் மகள் கிரேஸும், 1891-இல் லிலியாவும் இறந்தனர். மரணத்தைத் துயிலாகவும் துயிலை விழிப்பின் வாயிலாகவும் கூறும் லிலித் என்னும் நூலை அவர் எழுதித் திருத்திவந்தது இக்காலத்திலேதான். 1895-இல் அது வெளிவந்தது. அந்நூலில் கொடியவளினும் கொடியவளாகிய லிலித்தும், நெடுங்காலம் எதிர்த்து நின்று, முடிவில் மூடிய கையைத் திறந்து கொடுத்துவிட்டுத் துயில் கொள்ளுகின்றாள். கைவிடப்படுவோர் எவருமிலர் என்று ஆரண்டலில் குறிப்பாகக் கூறி ஊதியம் இழந்தவர், நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் அந்நம்பிக்கையை விடாது, மாயக்கதை வடிவில் மீண்டும் வெளியிட்டார். இந்நூலின் இருள் அவர் மனைவியாரையே கலங்கச் செய்தது. இதனைப் படிப்பது எமக்கும் எளிதாயில்லை.

இறுதி ஆண்டுகளில் நோயால் அவர் பெரும்பாலும் பேச்சற்று இருந்தார். 1902-இல் லூயிஸா காலமானார். 1905-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18-ஆம் நாள், இங்கிலாந்தில் ஆஷ்டெட் என்னும் ஊரில் மக்டொனால்ட் உயிர் நீத்தார். அவர் சாம்பல் பார்டிகீராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மனைவியின் கல்லறையில் வைக்கப்பட்டது.

ஆசிரியர் மறைந்தபின் வாசகர் எழுந்தனர். ஜி. கே. செஸ்டர்ட்டன், கிரெவில் மக்டொனால்ட் தம் பெற்றோரின் வரலாற்றை 1924-இல் வெளியிட்டபொழுது அதற்கு முன்னுரை எழுதினார். கூளிகளின் கதை தம் வாழ்க்கை முழுவதையும் மாற்றியமைத்தது என்று அவர் அதிற் கூறுகின்றார். நன்மையும் தீமையும் தொலைதேசத்தில் அல்ல, நாம் குடியிருக்கும் வீட்டின் மேன்மாடத்திலும் நிலவறையிலுமே உள்ளன என்பதை அவர் அக்கதையால் உணர்ந்தார்.

1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், லெதர்ஹெட் புகைவண்டி நிலையத்துப் புத்தகக் கடையில் பதினேழு வயது மாணவர் ஒருவர் பாண்டஸ்டீஸின் மலிவுப் பதிப்பொன்றை வாங்கினார். அவர்தாம் ஸி. எஸ். லூயிஸ். அப்பொழுது அவர் கடவுள் இல்லையென்னும் கொள்கையினர். போதக நூலாயின் தொட்டிருக்கவும் மாட்டார். கதையென்று எடுத்தார், இன்னதெனத் தெரியாத ஒரு தூய ஒளி தம் கற்பனையில் வந்து படிந்ததை உணர்ந்தார். அறிவு அதற்கு இணங்கப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1931-இல் அவர் கிறிஸ்தவரானார். பின்னர் மக்டொனால்டைத் தம் ஆசானென்றே போற்றி, 1945-இல் எழுதிய மறுவுலகக் கதையில் அவரையே தமக்கு வழிகாட்டியாக அமைத்தார். 1946-இல் அவருடைய எழுத்துக்களினின்று 365 பகுதிகளைத் தெரிந்து தொகுத்தார். அவற்றுட் பெரும்பகுதி பேசப்படாத பிரசங்கங்களினின்று எடுத்தவை. கதை திறந்த வாயில் வழியே வாசகர் பிரசங்கத்தினிடம் வந்து சேர்ந்தார். ஆயினும் லூயிஸ் குருட்டன்பு கொண்டவரல்லர். சொல்லாட்சியில் மக்டொனால்ட் முதல்வரிசையினர் அல்லர் என்றும், தொன்மக்கதை போன்ற கதைகளைப் படைக்கும் ஆற்றலிலேயே அவர் ஒப்பற்றவர் என்றும் பகுத்துரைத்தார்.

மற்றொரு பெரும் வாசகர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். 1937-இல் வெளிவந்த அவருடைய ஹாபிட் என்னும் நூலிலுள்ள கூளிகள் மக்டொனால்டுக்குக் கடன்பட்டவை. கூளிகளின் பாதங்கள் மென்மையானவை என்பதை மாத்திரம் தாம் ஒருபோதும் நம்பியதில்லை என்றார் அவர். 1939-இல் ஆற்றிய சொற்பொழிவில் பொற்சாவியைப் பாராட்டினார். ஆனால் 1964-இல் அதற்கு முன்னுரை எழுதுமாறு கேட்கப்பட்டு மீண்டும் படித்தபொழுது, அது செம்மையற்ற எழுத்தென வெறுத்தார், முன்னுரை முற்றுப்பெறவில்லை. மாயநாடு என்பது யாது என விளக்க அம்முன்னுரையில் அவர் தொடங்கிய சிறு உவமையே வளர்ந்து, 1967-இல் உட்டன் மேஜர் ஊர்க் கொல்லன் கதையாக வெளிவந்தது. வெறுப்புங்கூட ஒரு நூலை ஈன்றது!

இவற்றால் நாம் அறிவது யாது? மக்டொனால்ட் எங்கெங்கே தம் கருத்தை வாசகர் மீது சுமத்தினாரோ, அங்கெல்லாம் வாசகர் மெல்ல விலகிச் சென்றனர். எங்கெங்கே கதையைக் கொடுத்துவிட்டுத் தாம் ஒதுங்கி நின்றாரோ, அங்கெல்லாம் தலைமுறைதோறும் புதிய வாசகர் வந்தனர். ஒதுங்கி நிற்றல் கருத்தின்மையன்று, வாசகரை மதித்தலாகும். தம்மைப் போலவே பிறரும் கடவுளால் நடத்தப்படுபவர் என்று உண்மையாக நம்புபவரே அவ்வாறு ஒதுங்கி நிற்கவல்லார். எல்லாரையும் தந்தை கைவிடார் என்று நம்பியவர், தம் வாசகரையும் நம்பியதில் வியப்பில்லை.

ஆதலின், மாயக்கதையாற் பயன் என்னையென்று வினவும் அன்பர்களுக்கு யாம் பணிவுடன் கூறுவது இதுவே. நிகழாததைச் சொல்லும் கதையெல்லாம் பொய்யன்று; நிகழ்ந்ததைச் சொல்லும் உரையெல்லாம் மெய்யுமன்று. ஒரு நூலிற் பாட்டியும் விளக்கும் தோன்றாமல் வைக்கோலே தோன்றுமாயின், உடனே அதனைப் பழித்து எறியாது, சிலகாலம் கழித்து மீண்டும் அம்மாடிப்படி ஏறிப் பார்ப்போமாக. முதன்முறை வைக்கோலையே கண்ட கர்டியும், தொடர்ந்து வந்த கதையில் அம்மூதாட்டியைக் கண்டான்.